கஞ்சா பிடித்தால் போலீசுக்குப் பணமா?

கேள்வி கேட்டவரின் அத்தை மகனைப் போன மாதம் பெரம்பூர் பக்கம் 1 கிலோ 100 கிராம் கஞ்சாவோடு பிடித்ததாக வழக்கு. பைக்கும் ஸ்டேஷனில் நிற்கிறது. “பிடிக்கிற போலீசுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் உண்டாமே, அதற்காகத்தான் இப்படிக் கேஸ் போடுகிறார்களா? அமெரிக்காவில் பறிமுதல் செய்த வண்டி, வீட்டையெல்லாம் போலீசே எடுத்துக்கொள்ளுமாம். இங்கேயும் அப்படித்தானா?” என்று கேட்கிறார்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் போதைப்பொருள் வழக்குகளில் 16 வருடமாக எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பில் ஆஜராகிறவன் நான். எனவே என் பேச்சில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பணம் உண்டு. ஆனால் கஞ்சாவைப் பொறுத்தவரை அந்தப் பணத்துக்காக யாரும் பொய்க் கேஸ் போட மாட்டார்கள், அவ்வளவு சொற்பம். பறிமுதலான வண்டியும் போலீசுக்குப் போகாது. அப்படியானால் போலீசுக்கு இதில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு உருவத்தில் இருக்கிறது.

முதலில் ரூபாய்க் கணக்கு. மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை 2017 அக்டோபரில் வெகுமதிக்கான வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. தகவல் கொடுப்பவருக்கும் பிடிக்கும் அரசு ஊழியருக்கும் எவ்வளவு வரை தரலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. கொக்கைன் கிலோவுக்கு 2,40,000 ரூபாய். ஹெராயின் 1,20,000. அபின் 6,000. கஞ்சா வெறும் 600. இதெல்லாம் உச்சவரம்பு. அதிலும் அரசு ஊழியருக்குச் சாதாரணமாகப் பாதிவரைதான், உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தால்தான் அதற்கு மேல் யோசிப்பார்கள். ஒரு ஊழியர் தன் சர்வீஸ் முழுக்க வாங்கக்கூடியது 20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. அப்புறம், இது கருணைத்தொகை. உரிமை என்று கேட்டு யாரும் கோர்ட்டுக்கு வர முடியாது.

இந்த விகிதத்தில் உங்கள் அத்தை மகன் கேஸைப் போட்டுப் பாருங்கள். 1.1 கிலோவுக்கு 660 ரூபாய். அதில் பாதி 330. நாலு பேர் கொண்ட டீம் என்றால் ஆளுக்கு எண்பது ரூபாய் சொச்சம், ஒரு பிரியாணிக்குக்கூட வராது. அதையும் ஆய்வக அறிக்கை, மேலதிகாரி பரிந்துரை, கமிட்டி என்று கோப்பு நகர்த்தி வாங்க வேண்டும். எந்த ஏட்டும் இதற்காக மெனக்கெட மாட்டார்.

விமான நிலையத்தில் கதை வேறு. மீனம்பாக்கத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 5 கிலோ கொக்கைன் சிக்கினால் உச்சவரம்பு 12 லட்சம். அங்கே வெகுமதி என்பது நிஜமான பணம். தகவல் சொல்கிறவருக்கு அது இன்னும் பெரிய பணம். சுங்கத் துறையிலும் வருவாய்ப் புலனாய்விலும் அதற்கென்று பழைய சம்பிரதாயம் ஒன்று உண்டு. தகவலை எழுதி வாங்கி, பெயருக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்து, உறையில் போட்டு முத்திரையிட்டு விடுவார்கள். பிற்பாடு பணம் கொடுக்கும்போது அதே ரேகையை ஒத்துப் பார்த்துக் கொடுப்பார்கள். பெயர் வெளியே வராது. போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 68ஆம் பிரிவும் அதற்குத் துணை நிற்கிறது, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹெராயினுக்கு வெகுமதி கணக்குப் போடும்போது தூய்மையைப் பார்ப்பார்கள். சரக்கில் கலப்படம் இருந்தால் அந்த அளவுக்கு வெகுமதியும் குறையும். மாவுக்குக் காசு கொடுக்க அரசாங்கம் தயாராக இல்லை, நியாயம்தான். ஆனால் அதே பொட்டலத்துக்குத் தண்டனை கணக்குப் போடும்போது தூய்மை பார்ப்பதில்லை. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலந்த மாவையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, போலீசுக்குப் பணம் கொடுக்கும்போது சுத்தமான ஹெராயின் எத்தனை கிராம் என்று பார்க்கிற அதே அரசு, ஜெயிலுக்கு அனுப்பும்போது மாவையும் சேர்த்துத் தராசில் வைக்கிறது. இதைக் கோர்ட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நீதிபதி சிரித்தார், பிறகு தீர்ப்பைப் பார்த்துத்தான் நடந்துகொண்டார்.

சரி, ரூபாய் இவ்வளவுதான் என்றால் லாபம் எங்கே இருக்கிறது? கணக்கில் இருக்கிறது. பணக் கணக்கு அல்ல, கேஸ் கணக்கு.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’ ஆரம்பமானது. 2022 மார்ச் கடைசியில் 2.0, அப்புறம் 3.0, 2023இல் 4.0 என்று செல்போன் மாடல் மாதிரி எண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பத்திரிகைக் குறிப்பு வரும். இத்தனை வழக்கு, இத்தனை பேர் கைது, இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை வாகனம், இத்தனை பேர் மேல் குண்டாஸ். கூடவே ஒரு படம்: மேசை மேல் பொட்டலங்கள், பின்னால் வரிசையாகக் காவலர்கள், நடுவில் தலை குனிந்த இரண்டு பையன்கள். அந்தக் குறிப்பில் ஒருபோதும் வராத ஒரு எண் உண்டு. போன சுற்றில் பிடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்பது. வராததற்குக் காரணம் எளிது, தீர்ப்பு வர நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் இன்ஸ்பெக்டர் மாறியிருப்பார், கமிஷனரும் மாறியிருப்பார்.

ஒரு ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவரின் நிலையில் நின்று யோசியுங்கள். மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்பது “இந்த மாதம் எத்தனை கஞ்சா கேஸ்?” என்பதுதான். ஒரு பையனை 1 கிலோவோடு பிடிப்பது ஒரு சாயங்கால வேலை. அந்தப் பையனுக்குச் சரக்கு கொடுத்தவன், அவனுக்கு ஆந்திர-ஒடிசா எல்லையிலிருந்து ரயிலில் அனுப்பியவன், அதற்கு முதல் போட்ட ஆள் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் ஆறு மாதம் ஆகும். போன் அழைப்பு விவரம், வங்கிக் கணக்கு, வெளி மாநிலப் பயணம், அதற்குப் படி, வண்டி. ஆறு மாதம் கழித்து அதுவும் ஒரே ஒரு கேஸ். அந்த ஆறு மாதத்தில் பக்கத்து ஸ்டேஷன்காரர் முப்பது சில்லறைக் கேஸ் போட்டு, வேப்பேரியில் கமிஷனர் அலுவலகத்துக்கு நேரில் அழைக்கப்பட்டு, வெகுமதியும் சான்றிதழும் வாங்கியிருப்பார். அந்த வெகுமதித் தொகை பெரிதல்ல. ஆனால் அது சர்வீஸ் புத்தகத்தில் நற்பணிப் பதிவாக ஏறும். பதவி உயர்வுக்கும், நல்ல இடத்துக்கு மாறுதல் கேட்பதற்கும், என்றாவது ஒரு மெமோ வந்தால் அதைச் சமாளிப்பதற்கும் அது உதவும். போலீசில் உண்மையான நாணயம் அதுதான்.

பதக்கமும் அப்படித்தான். கள்ளச்சாராய ஒழிப்புக்காகக் குடியரசு தினத்தில் காந்தியடிகள் காவலர் பதக்கம் தருகிறார்கள், அதனோடு 40,000 ரூபாயும் உண்டு. வாங்கிய ஒரு ஓய்வுபெற்ற எஸ்.ஐ. எனக்குத் தெரிந்தவர். வாங்கிய பணம் எங்கே போனதென்று அவருக்கே நினைவில்லை, பதக்கப் படம் மட்டும் வரவேற்பறையில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மனிதர்கள் பணத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை, போலீசும் மனிதர்கள்தான். நான் குறை சொல்வது பதக்கத்தை அல்ல, எதை எண்ணிப் பதக்கம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

இப்போது எடைக்கு வருகிறேன். உங்கள் கேஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

2001இல் சட்டத்தைத் திருத்தியபோது தண்டனையை எடையோடு கட்டினார்கள். கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. சிறு அளவென்றால் அதிகபட்சம் ஒரு வருடம் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவென்றால் 10 வருடம் வரை போகலாம். வணிக அளவென்றால் குறைந்தபட்சமே 10 வருடம், 20 வருடம் வரை. அதோடு 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். விசாரணையை முடிக்கவும் போலீசுக்கு 180 நாள் கிடைக்கும்.

ஆக 1 கிலோ என்ற இடத்தில் ஒரு படிக்கட்டு, 20 கிலோவில் ஒரு மதில் சுவர். ஒரு மனிதனின் பத்து வருட வாழ்க்கை சில நூறு கிராமில் தொங்குகிறது. அந்தச் சில நூறு கிராமை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது? பிடித்தவர் கையில்தான். அதே அதிகாரி புகார் கொடுத்து அவரே விசாரிக்கவும் செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கூடாது என்று 2018இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதனால் மட்டுமே வழக்கு அடிபட்டுப் போகாது என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றிவிட்டது.

என் அலமாரியில் இருக்கும் கட்டுகளைப் புரட்டினால் 1.100, 1.150, 1.200 என்ற எடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கஞ்சா விற்கிறவர்கள் எல்லாரும் சட்டப் புத்தகம் படித்து, படிக்கட்டுக்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டார்களா என்ன? போலீஸ் தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, மொத்தமாக வருவதே கிலோக் கட்டாகத்தான், கவரும் டேப்பும் சேர்ந்து அவ்வளவு வருகிறது என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பதிலே எனக்குப் போதும். கவரும் டேப்பும் சேர்ந்துதான் 1.1 என்றால், உள்ளே இருந்தது எவ்வளவு?

ஒரு குறுக்கு விசாரணையைச் சொல்கிறேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். எஸ்.ஐ. கூண்டில் நிற்கிறார். மகஜரில் (பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதும் பதிவு) எப்போதும் போல, ரகசியத் தகவல் கிடைத்ததின் பேரில் சென்றோம், எங்களைக் கண்டதும் தப்பி ஓட முயன்றவரை மடக்கிப் பிடித்தோம். (16 வருடத்தில் போலீசைக் கண்டதும் நின்ற ஒரு எதிரியையும் நான் மகஜரில் பார்த்ததில்லை.) “தராசு எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன். “பக்கத்து மளிகைக் கடையில் வாங்கினோம்.” “கடைக்காரர் சாட்சியா?” “இல்லை.” “கஞ்சாவைக் கவரிலிருந்து கொட்டி எடை போட்டீர்களா, கவரோடா?” கொஞ்சம் யோசித்து, “கவரோடு” என்றார். சான்றுப் பொருளைப் பிரித்தோம். பழுப்பு டேப் நாலு சுற்று, அதற்குள் தடித்த பாலிதீன், அதற்குள் தெலுங்குச் செய்தித்தாள், அதற்குள் சரக்கு. சரக்கிலும் பாதி காம்பும் விதையும். அந்த அறையில் எழுந்த வாசனை சாயங்காலம் வரை என் கோட்டில் இருந்தது, வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

காம்பும் விதையும் ஏன் முக்கியம்? சட்டப்படி கஞ்சா என்பது அந்தச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். அந்த நுனிகளோடு சேர்ந்து வராத விதையும் இலையும் கஞ்சா ஆகாது. எனவே என்ன எடை போட்டார்கள் என்பது எவ்வளவு எடை போட்டார்கள் என்பதற்குச் சமமான கேள்வி.

இதே எடை எதிர்த் திசையிலும் வேலை செய்யும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 22 கிலோவோடு ஒருவன் பிடிபடுகிறான் என்று வையுங்கள். முறைப்படி பிடித்தால் வெகுமதி உச்சவரம்பு 13,200 ரூபாய், ஊழியர் பங்கு 6,600, ஆறு பேர் டீமுக்கு ஆளுக்கு 1,100. அதே 22 கிலோ மகஜரில் 19 கிலோ என்று எழுதப்பட்டால் பிடிபட்டவனுக்கு மிச்சமாவது குறைந்தபட்ச பத்து வருடச் சிறை. அந்தப் பத்து வருடத்துக்கு அவன் என்ன விலை கொடுக்கத் தயாராக இருப்பான்? 1,100 ரூபாய்க்கும் அந்த விலைக்கும் நடுவில் ஒரு சம்பளக்காரரை நிறுத்துகிறோம். 1974இல் கேரி பெக்கர், ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், இருவருமே பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர்கள், இதைத்தான் சொன்னார்கள்: சட்டத்தை அமல்படுத்துகிறவருக்கு ஒழுங்காகப் பிடிப்பதில் கிடைக்கும் பலன், விட்டுவிடுவதில் கிடைக்கும் லஞ்சத்துக்கு ஈடாக இல்லையென்றால் லஞ்சம்தான் ஜெயிக்கும். தண்டனையைக் கடுமையாக்கினால் லஞ்சத்தின் விலையும் கூடும். நம் சட்டமன்றங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ‘இன்னும் கடுமையான தண்டனை’ என்று முழங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

மெரினா எலிகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020இல் மெரினா போலீசார் இரண்டு பேரை 22 கிலோ கஞ்சாவோடு கைது செய்ததாக வழக்கு. ஆய்வகத்துக்குப் போனது 50 கிராம். விசாரணையின்போது மீதிச் சரக்கைக் கொண்டுவரச் சொன்னால், ஸ்டேஷனில் வைத்திருந்ததை எலி தின்றுவிட்டது என்று சொன்னார்கள். 22 கிலோ பிடித்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. எலியா, பெருச்சாளியா, வேறு யாராவதா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. எனக்குப் பட்டது வேறு. பிடித்த அன்று அந்தக் கேஸ் கணக்கில் ஏறியாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த மூட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதால் யாருக்கும் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. மதிப்பெண் இல்லாத வேலையை எலி கவனித்துக்கொண்டது.

இனி அமெரிக்கா. நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அங்கே ஆள் மேல் வழக்குப் போடாமலே பொருள் மேல் வழக்குப் போடலாம். பணமே பிரதிவாதியாக நிற்கும். ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்’ என்ற பெயரிலேயே 2006இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வக்கீல்களாகிய நாங்கள் இதையெல்லாம் ரசித்துப் படிப்போம், பணத்தைப் பறிகொடுத்தவருக்கு ரசிக்க ஒன்றும் இருக்காது. 1984இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தின்படி, உள்ளூர் போலீஸ் பிடித்த சொத்தை மத்திய அரசு வழியாகப் பறிமுதல் செய்தால் அதில் 80 சதவீதம் வரை உள்ளூர் போலீசுக்கே திரும்பி வரும். அதிலிருந்துதான் ஆட்டம் மாறியது. ஊருக்குள் சரக்கு வரும் பாதையை விட்டுவிட்டு, சரக்கு விற்ற பணம் வெளியே போகும் பாதையில் வண்டிகளை நிறுத்துவதில்தான் லாபம் என்று ஆகிவிட்டது. சரக்கைப் பிடித்தால் எரிக்க வேண்டும், பணத்தைப் பிடித்தால் பட்ஜெட்டில் சேரும்.

டைசன் டிம்ப்ஸ் என்பவர் கதை பிரபலம். அப்பா இறந்து வந்த இன்சூரன்ஸ் பணத்தில் 42,000 டாலருக்கு லேண்ட் ரோவர் வாங்கினார். சில நூறு டாலருக்கு ஹெராயின் விற்று மாட்டினார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000 டாலர், ஆனால் 42,000 டாலர் காரை எடுத்துக்கொண்டார்கள். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாகச் சொன்னது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015லேயே ஆளுக்குத் தண்டனை இல்லாமல் சொத்தைப் பறிப்பதை ஒழித்துவிட்டது.

ஆனால் நமக்கு நெருக்கமான அமெரிக்கக் கதை டிம்ப்ஸ் கதையல்ல, டூலியா. டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். 1999 ஜூலையில் ஒரே ரகசிய ஏஜென்ட் வாக்குமூலத்தை நம்பி 46 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். ஒலிப்பதிவு இல்லை, சாட்சி இல்லை, குறிப்புகளைக் காலில் எழுதி வைத்துக்கொண்டதாக அந்த ஏஜென்ட் சொன்னார். அவர் வேலை பார்த்த படை மத்திய மானியத்தில் ஓடியது. மானியத்துக்குக் கைது எண்ணிக்கை காட்ட வேண்டும். அவருக்கு மாநிலத்தின் சிறந்த அதிகாரி விருது கொடுத்தார்கள். 2003இல் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். ஏஜென்ட் பொய்ச்சாட்சி சொன்னதாகப் பின்னால் தண்டிக்கப்பட்டார். இங்கே யாரும் யாருடைய காரையும் எடுத்து ஓட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையும் விருதும் மட்டுமே போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் சொத்து எங்கே போகிறது? 1989இல் சட்டத்தில் சேர்த்த 5-ஏ அத்தியாயம் இதைச் சொல்கிறது. பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை வரக்கூடிய குற்றங்களில், போதை வியாபாரத்தில் சேர்த்த சொத்தை விசாரணை அதிகாரி முடக்கலாம். 48 மணி நேரத்துக்குள் இதற்கென நியமித்த தகுதி அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் அவர் உறுதி செய்யாவிட்டால் முடக்கம் செல்லாது. நியாயமாகச் சம்பாதித்தது என்று நிரூபிக்கும் சுமை சொத்துக்காரர் தலையில்தான். கடைசியில் அரசுடைமையாகி விற்ற பணம் போதைப் பழக்கக் கட்டுப்பாட்டுக்கான தேசிய நிதிக்குப் போகும், அதைச் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும்கூடச் செலவிடலாம். பிடித்த ஸ்டேஷனுக்கு ஜீப்புக்கு டீசல் போடக்கூட ஒரு பைசா வராது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட மேல் என்பேன். 2022இல் தென் மாவட்டங்களில் கஞ்சா வியாபாரிகளின் வங்கிக் கணக்குகளையும் சொத்துக்களையும் போலீஸ் முடக்கியது இந்த அத்தியாயத்தை வைத்துத்தான். மெனக்கெட்டு அதைச் செய்தார்கள், அது வியாபாரியை உண்மையிலேயே கடிக்கும். சில்லறைப் பையன்களைப் பிடிப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

வண்டி வேறு கதை. கஞ்சா ஏற்றிய வாகனத்தை 60ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது, தன்னால் முடிந்த எச்சரிக்கையெல்லாம் எடுத்தார் என்று அவரே நிரூபித்தால் தப்பலாம். என்னிடம் வந்த ஒரு ஆட்டோ உரிமையாளர், வியாசர்பாடிக்காரர், டிரைவருக்குத் தின வாடகைக்கு விட்டிருந்தார். டிரைவர் சீட்டுக்கடியில் பொட்டலத்தோடு மாட்டினார். ஆட்டோ ஒரு ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் மூன்று வருடம் நின்றது. முதல் வருடம் பேட்டரி போனது, அடுத்து ஸ்டெப்னி, அப்புறம் மீட்டர். கடைசியில் கோர்ட் ஆர்டரோடு எடுக்கப் போனபோது சீட் கிழிசலுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அந்த மூன்று வருடமும் அவர் ஃபைனான்ஸ்காரருக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவால் போலீசுக்கும் லாபமில்லை, அரசுக்கும் லாபமில்லை. யாருக்கும் லாபமில்லாததால்தான் அது அங்கேயே கிடந்தது. வாகனங்களை ஸ்டேஷனில் மக்கவிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியாகிவிட்டது. போதை வழக்கிலும் இடைக்காலமாக வண்டியைத் திருப்பித் தரத் தடையில்லை என்று 2025 ஜனவரியில், அஸ்ஸாம் லாரி வழக்கு ஒன்றில், மறுபடியும் சொல்லியிருக்கிறது. உங்கள் அத்தை மகனின் பைக் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. வேறு யார் பெயரிலாவது இருந்தால் இன்றைக்கே மனு போடச் சொல்லுங்கள், மழைக்காலம் வருகிறது.

தகவல் கொடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. போலீசைவிட இவருக்குத்தான் பணமோ பகையோ பெரிய தூண்டுதல். 2023இல் கேரளத்தில் சாலக்குடியில் அழகு நிலையம் நடத்திய பெண்ணை, போனில் வந்த தகவலை நம்பி, எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் வைத்திருந்ததாகக் கைது செய்தார்கள். 72 நாள் சிறை. ஆய்வகத்தில் பார்த்தால் அது போதைப்பொருளே இல்லை. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைக் கைதாக வைத்தால் 58ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை. காரணமில்லாமல் சோதனை போட்ட அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆயிரம் ரூபாய்! 1985இல் எழுதியதை யாரும் தொடவில்லை. என் அனுபவத்தில் இந்தப் பிரிவில் ஒரு அதிகாரி தண்டிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பிடித்ததற்குப் பாராட்டு உண்டு, தப்பாகப் பிடித்ததற்கு விலை கிடையாது.

என்ன செய்தால் மாறும் என்று கேட்டால், வெகுமதியை ஒழிக்க வேண்டாம் என்பேன். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் தகவல் இல்லாமல் ஒன்றும் பிடிபடாது. ஆனால் கைதுக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வழக்கு நிலைத்து நின்றதற்குக் கொடுக்கலாம். இதிலும் ஒரு பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். சிறு அளவுக் கேஸில் ரிமாண்டிலேயே சில வாரம் கழித்த பையன் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளோடு விட்டுவிடுவார்கள்’ என்று கேள்விப்பட்டு ஒப்புக்கொள்வான். அதுவும் தண்டனைக் கணக்கில் ஏறும். அதனால் ஒப்புதல் கேஸ்களைத் தனியாகவே எண்ண வேண்டும். இன்னொன்று, எடை போடுவதைப் பிடித்தவர் கையிலிருந்து எடுப்பது. 52-ஏ பிரிவும் 2022 டிசம்பரில் வந்த விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல் போட்டு, மாதிரி எடுக்க வேண்டும். சென்னையில் இது இப்போது முன்னைவிட ஒழுங்காக நடக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்குமூலத்தை வைத்தே வழக்கை ஒப்பேற்றும் பழக்கமும் குறைந்திருக்கிறது. அதற்கு வழிவிட்டது சென்னையில் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு பிடித்த ஒரு ஹெராயின் வழக்குதான். தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில், அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கேஸுக்கு வருகிறேன். ‘பணத்துக்காகப் போட்ட பொய்க் கேஸ்’ என்று வாதம் வைக்க வேண்டாம். 330 ரூபாய் கணக்கை அரசு வக்கீல் எடுத்துக் காட்டினால் உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். வக்கீலிடம் நாலு தாள் கேளுங்கள்: பறிமுதல் மகஜர், 52-ஏ பட்டியல், மாதிரி எடுத்தபோது மாஜிஸ்திரேட் கொடுத்த சான்று, ஆய்வக அறிக்கை. மகஜரில் 1.100 என்பது கவரோடா, கவர் இல்லாமலா என்று எழுதியிருக்கிறதா? மாஜிஸ்திரேட் முன் போட்ட எடை அதோடு ஒத்துப்போகிறதா? காம்பு, விதை பற்றி ஆய்வகம் ஏதாவது சொல்கிறதா? 100 கிராமுக்கு மேல் ஒரு வித்தியாசம் கிடைத்தால் போதும், வழக்கு சிறு அளவுக்கு இறங்கிவிடும். டேப் எத்தனை சுற்று என்பதையும் கேட்டு வையுங்கள்.